வயதான காலத்தில் சொந்த வீட்டில் தனியாக இருப்பது எப்படி இருக்கிறது? அந்த வீட்டால் கிடைத்த மறக்க முடியாத மனிதர்கள் உண்டா?

கேள்வியின் முதல் பாதிக்கு ஒரு வரி போதும்: முழங்கால் வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. இரண்டாம் பாதிக்குத்தான் சாய்ந்து உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு 73 வயது. இந்த வீட்டுக்கு வந்து 41 வருடம் ஆகிறது. கணவர் போய் ஒன்பது வருடம். நல்ல மனிதர். ஆனால் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகு ஆணியைப் பார்ப்பார், கடைசியில் என்னைப் பார்ப்பார். ஆகவே பழுது பார்க்க யார் வந்தாலும் பேசுவது நான்தான். வாசலில் நிற்கும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "சார் இல்லையா அம்மா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "இருக்கிறார். அவரைக் கேட்டால் என்னைக் கேட்கச் சொல்வார்" என்பேன். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்கள்.

குடிவந்த 1984-லேயே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, என்ன பழுது, யார் வந்தார், என்ன செய்தார். இப்போது ஓடுவது நான்காவது நோட்டு. அதில் ஆட்களின் பெயரை நான் எழுதியதில்லை. "காதில் பென்சில்", "ரசமட்டம்", "பயந்தாங்கொள்ளி" என்றுதான் இருக்கும். யாராவது எடுத்துப் படித்துவிடப் போகிறார்கள் என்று அப்போது பயம். இப்போது படிக்க ஆளில்லை என்பது வேறு விஷயம்.

நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க மாட்டேன், படுத்தபடியே வீட்டைக் காது கொடுத்துக் கேட்பேன். மாடித் தொட்டி நிரம்பும் தறுவாயில் மிதவை வால்வு மெல்லிய விசில் அடிக்கும். விசில் நின்றால் தொட்டி நிறைந்துவிட்டது. நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் வால்வின் வாஷர் தேய்ந்துவிட்டது. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது சுவருக்குள் சன்னமாக ஓசை வந்தால் எங்கோ கசிகிறது. இப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் "காதில் பென்சில்".

அவர் பிளம்பர். ஒல்லியான ஆள். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், அதை எடுத்து ஏதாவது எழுதி நான் பார்த்ததே இல்லை. "நாளைக்கு முதல் வேலை உங்கள் வீடுதான் அம்மா" என்பார். அந்த வாக்கியத்தை ஒரே நாளில் நான்கு வீட்டில் சொல்லியிருப்பார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் சுவருக்குள் ஒளிந்த கசிவைக் கண்டுபிடிக்க அவரைவிட்டால் ஆளில்லை.

ஒரு முறை மோட்டார் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஓட வேண்டியிருந்தது. சமையலறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. முதலில் வந்த இருவரும் சமையலறைச் சுவரை உடைக்க வேண்டும் என்றார்கள். இவரைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்ற நாளில் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார். "இந்த நேரத்திலா?" என்றேன். "பகலில் ஊரே பேசுகிறது அம்மா. குழாய் பேசினால் யாருக்குக் கேட்கும்?" என்றார்.

மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கடிகாரத்தைக் கழற்றி வாசல் திண்ணையில் வைக்கச் சொன்னார். பையிலிருந்து முழங்கை நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, முனையைக் குழாயில் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. சமையலறைக் குழாய், பிறகு புழக்கடை, பிறகு குளியலறை. நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து என் கணவரிடம், "சார், மூச்சைக் கொஞ்சம் மெதுவாக விடுங்கள்" என்றார். என் கணவர் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன்.

குளியலறை மூலையில் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டு என் காதில் பிடியை வைத்தார். "ஸ்ஸ்" என்று ஒரு சீறல். இரண்டடி தள்ளி வைத்தால் அது மங்குகிறது. மூலைக்கு வந்தால் கூர்மையாகிறது. அழுத்தத்தோடு வரும் தண்ணீர் சின்ன ஓட்டை வழியாகப் பீறிடும்போது குழாயே அதிரும், அந்த அதிர்வை இரும்பு வெகுதூரம் கொண்டுபோகும், பிளாஸ்டிக் அவ்வளவு கொண்டுபோகாது என்று அன்றிரவு நின்ற இடத்திலேயே பாடம் நடத்தினார். "அப்படியானால் சமையலறையில் ஏன் ஈரம்?" என்றேன். "ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஏன் நிற்க வேண்டும்? வாட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தலைகாட்டும்" என்றார். ஒரே ஒரு தரைக்கல்லைப் பெயர்த்தார். கீழே குழாய் வளைவின் மரையில் ஊசிமுனை அளவு துளை. அதிலிருந்து தண்ணீர் நூல்போல் பாய்ந்துகொண்டிருந்தது.

திருப்புளியை அன்று மறந்துவிட்டுப் போனார். சொல்லியனுப்பினேன். "இருக்கட்டும், அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது. அடுத்த முறை வந்தபோதும் மறந்தார். அதற்கு அடுத்த முறை அவர் வரவே இல்லை. மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

"ரசமட்டம்" கொத்தனார். மாடியில் மழைத்தண்ணீர் ஒரு பக்கமாகத் தேங்கி, கூடத்தின் மேற்கூரையில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த காலம். மற்றவர்கள் மேலே ஏறிப் பார்த்த மாத்திரத்தில் "இன்னொரு பூச்சுப் போட்டுவிடலாம்" என்றார்கள். இவர் ஒரு வாளித் தண்ணீரும் கண்ணாடிபோல் தெரியும் ஒரு நீளக் குழாயும் கேட்டார். குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்து, "கட்டைவிரலால் அடைத்துப் பிடியுங்கள். நான் சொன்னால் மட்டும் திறங்கள்" என்றார். குழாய் முழுவதையும் விரலால் நீவிக்கொண்டே போனார். நடுவில் கடுகளவு காற்றுக்குமிழி. "இது உள்ளே இருந்தால் தண்ணீர் பொய் சொல்லும்" என்று கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். மறுபடி குமிழி. மறுபடி கொட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. நான்காம் முறைதான் அவருக்குத் திருப்தி.

பிறகு நான் ஒரு மூலையில், அவர் எதிர் மூலையில். விரலை எடுத்ததும் இரு முனையிலும் தண்ணீர் ஆடி ஆடி நின்றது. அவ்வளவு தூரத்திலும் இரண்டும் ஒரே மட்டம். அங்கிருந்து தளம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து குறித்தார். வடிகால் இருக்கும் மூலை மற்ற மூலையைவிட ஒரு விரற்கடை உயரம்! கட்டிய நாளிலிருந்து தண்ணீரை மேட்டில் ஏறிப் போகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். 100 அடிக்கு 1 அடியாவது சரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் வாட்டம் எடுத்துத் தளம் போட்டார். மேலே சின்னச் சின்ன வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். "சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்து இறுகுகிறது. ஏழு நாள் குடிக்கட்டும். முழுப் பலத்துக்கு 28 நாள் ஆகும்" என்றார். அந்த ஏழு நாளும் அந்தி நேரத்தில் வந்து, தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவார். ஒருநாள் நான் தண்ணீர் விட மறந்திருந்தேன். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை என் தலைமையாசிரியை கூடப் பார்த்ததில்லை.

கோணல் எதையும் அவரால் சகிக்க முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் சுவர்ப்படங்களை நேராக்குவார். என் கணவரின் மூக்குக்கண்ணாடியைக்கூட ஒருமுறை "கொஞ்சம் இடப்பக்கம் இறங்கியிருக்கிறது" என்று காட்டினார். ஒருநாள் எதற்கோ அவர் வீட்டுக்குப் போனேன். முன்சுவர் நன்றாகவே சாய்ந்திருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "அது என் மாமனார் கட்டியது" என்றார். அதற்கு மேல் கேட்பது மரியாதையாக இருக்காது.

அந்தத் தளம் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆகவே அவரையும் அதிகம் பார்க்க வாய்க்கவில்லை. மோசமாக வேலை செய்தவர்கள்தான் அடிக்கடி வந்துபோனார்கள், அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

"பயந்தாங்கொள்ளி" எலெக்ட்ரீஷியன். மின்சாரத்துக்கு அவ்வளவு பயப்படும் எலெக்ட்ரீஷியனை நான் கண்டதில்லை. அதனாலேயே அவரை நம்பினேன். வேலை தொடங்கும் முன் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தான் கம்பியில் கை வைத்திருக்கும்போது வேறு யாரும் தெரியாத்தனமாக மின்சாரத்தைக் கொடுத்துவிடக் கூடாதாம். நல்ல வழக்கம்தான். ஒருநாள் வேலை முடிந்ததும் கட்டைகளோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் மறுநாள் காலை ஆகிவிட்டது. வந்தவர், "ஆனால் இரவு முழுக்க உங்கள் வீடுதான் அம்மா பத்திரமாக இருந்தது" என்றார். கோபத்தோடு வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டேன்.

தச்சர் ஒருவர் இருந்தார். நாளெல்லாம் வேலை செய்தாலும் பத்து வார்த்தை தேறாது. மழைக்காலத்தில் முன்கதவு நிலையில் இடித்தது. இழைத்துவிடுங்கள் என்றேன். "வெயில் வரட்டும்" என்றார். மரம் ஈரத்தில் நீளவாக்கில் வளராது, அகலவாக்கில்தான் உப்பும். இப்போது இழைத்தால் கோடையில் இடுக்கு வழியாகத் தெரு தெரியும். இந்த விளக்கத்தை அவரிடமிருந்து வாங்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அன்று அவர் செய்தது மேல் கீலைப் பார்த்ததுதான். திருகாணி ஆடியது. கழற்றி, துளையில் ஈர்க்குச்சி கனத்துக்கு மரச்சிம்புகளைச் செருகி, மறுபடி முடுக்கினார். கதவு பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு வெயில் வந்தது.

இப்போது என் பகல் எப்படிப் போகிறது என்றால், காலையில் ஒரு சுற்று வருவேன். பூச்சை விரல்கணுவால் தட்டிப் பார்ப்பேன். கெட்டியாக ஒலித்தால் சரி, பொக்கென்று ஒலித்தால் பூச்சு சுவரைவிட்டு விலகிவிட்டது. ஜன்னல் மேலுள்ள சன்ஷேடுகளின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்தால் இரும்பாக இருந்ததைவிடப் பல மடங்கு பருக்கும்; இடம் போதாமல் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். மாடிக்கு மட்டும் போவதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி தவறி விழுந்து உயிரிழப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்கள்தான் அதிகம் என்று என் மகள் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். படித்ததோடு விடாமல் ஊரிலிருந்து வந்து மாடிப்படியில் இரு பக்கமும் கைப்பிடி போட்டாள், குளியலறையிலும் ஒன்று. நான் ஏணி ஏறுகிறேனா என்று வாரம் ஒருமுறை விசாரணை வேறு.

ஏணி என் வீட்டிலேயே இல்லை என்பதுதான் உண்மை. பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கு என்று வாங்கிப் போனார். அதன் பிறகு என் ஏணி எனக்கு வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். சும்மா தரமாட்டார், கூடவே வருவார். "நாலடி உயரத்துக்கு ஓரடி என்று காலைத் தள்ளி வை அம்மா. நிமிர்த்தி வைத்தால் பின்னால் சாயும், படுக்க வைத்தால் அடி வழுக்கும்" என்று என் ஏணியைப் பற்றி எனக்கே உபதேசம். நான் ஏறி இறங்கும்வரை கீழே பிடித்துக்கொண்டு நிற்பார். இறங்கியதும் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

போன வருடம் அவர் இறந்த பிறகு அவர் மகன் ஏணியைக் கொண்டு வந்தான். தேய்ந்த படி ஒன்றை மாற்றியிருந்தார், காலில் ரப்பர் அடித்திருந்தார், எப்போது செய்தாரோ. "உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் தம்பி. வேண்டுமென்றால் கேட்கிறேன்" என்று திருப்பி அனுப்பினேன். மகள் கண்ணில் பட்டால் வம்பு.

போன மாதம் மறுபடி சுவருக்குள் அந்தச் சன்னமான ஓசை. பழைய இரும்புக் குழாய் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வந்த பிளம்பர் சின்னப் பையன், மரியாதையானவன். ஈரம் தெரிந்த இடத்தைக் காட்டி, "இங்கே உடைத்துப் பார்த்துவிடலாம் பாட்டி" என்றான். பொறு என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து அந்த முழங்கை நீளத் திருப்புளியை எடுத்து வந்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். முனையைக் குழாயில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தேன். அவன் ஏதோ கேட்க வந்தான். "பேசாதே தம்பி" என்றேன்.

மூலையிலிருந்து மூன்றாவது கல்லைக் காட்டினேன். பெயர்த்தான். உலர்ந்திருந்தது. நான்காவதைப் பெயர்த்தான்; கீழே தண்ணீர் நூலாகப் பாய்ந்துகொண்டிருந்தது. பையன் என்னையும் திருப்புளியையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்குத்தான் ஆறவில்லை. அவராக இருந்தால் ஒரே கல்லோடு முடித்திருப்பார்.