பாம்பன் அக்காவுக்கு: குழுப் பயிற்சியில் சேர்க்கலாமா?

அக்கா, ஆட்டிசம் உள்ள 5 வயது மகன் கூட்டத்தில் காதைப் பொத்திக்கொள்கிறான், குழுப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம். ஆனால் மூன்று நாலு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பேச்சிலும் புரிதலிலும் அவனை ஒத்த பிள்ளைகளா என்று பாருங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும்.

என் மகனுக்குத் தன் முறை வரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாடு. மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழியும் சோழியும் வைத்துப் பழக்கினோம். ஆடி முடித்ததும் மிச்சச் சோழியை என் உள்ளங்கையில் வைத்து "அம்மா" என்பான். அதையே குழுவில் இன்னொரு பிள்ளைக்குச் செய்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தனிப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.