துணிக்கு எதிரி வெளிச்சம்: கண்காட்சிக்குப் போகும் வாசகர்களின் கேள்விகள்

*பள்ளி விடுமுறை நெருங்குவதால், கோலாலம்பூரில் ஓவியம், ஆடை, நெசவு சார்ந்த கண்காட்சிகளைப் பார்ப்பது பற்றி இம்முறை நிறையக் கேள்விகள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில்.*

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி: ஒரே நாளில் தலைநகரில் உள்ள அருங்காட்சியகங்களையும் ஓவியக் கூடங்களையும் பார்த்துவிட முடியுமா? மாமியாருக்கு வயது 70. பிள்ளைகள் இருவர்.

முடியாது. முயன்றால் மாலையில் எல்லாருக்கும் கால்வலிதான் மிஞ்சும். இரண்டே இடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வசதியான ஜோடி, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் தேசிய நெசவு அருங்காட்சியகமும்.

கிள்ளானில் கேடிஎம் கொமுட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கேஎல் சென்ட்ரலில் இறங்கிவிடாதீர்கள். அதற்கு அடுத்துள்ள பழைய கோலாலம்பூர் நிலையம்தான் உங்களுக்குக் கிட்டே. அங்கிருந்து தேசியப் பள்ளிவாசலைத் தாண்டி இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு நடக்கலாம். ஆனால் பாதை மேட்டில் ஏறும். மாமியாரை இந்தச் சிறிய தூரத்துக்குக் கிராப்பில் அழைத்துப் போங்கள், காசு பார்க்க வேண்டாம்.

1998இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் 12 நிரந்தரக் காட்சிக்கூடங்கள் உள்ளன. பெரும்பாலோர் கட்டடக்கலை மாதிரிகளில் தொடங்கி, அங்கேயே ஒரு மணி நேரத்தைச் செலவிட்டு, துணிக்கும் நகைக்கும் வரும்போது களைத்துப்போகிறார்கள். அந்த இரண்டும் மேல்தளத்தில். நேராக மேலே ஏறி அவற்றை முதலில் பாருங்கள், பிறகு இறங்கி வாருங்கள். பிள்ளைகளுக்கு ஆயுதக் கூடமும் அங்கேயே இருக்கிறது, அடம்பிடிக்க மாட்டார்கள்.

நெசவு அருங்காட்சியகம் டத்தாரான் மெர்டேக்காவை ஒட்டியது. ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்து, 1905இல் ரயில்வே தலைமையகமாகக் கட்டப்பட்டது. 2010இல் அருங்காட்சியகம் ஆனது. பழைய கட்டடங்களில் பழுதுபார்ப்பு வேலை அடிக்கடி நடக்கும். ஆகவே போகிற வாரத்தில் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள், சக்கர நாற்காலி கிடைக்குமா என்பதையும் சேர்த்து. மதிய உணவை இரண்டுக்கும் நடுவே வையுங்கள். லெபோ அம்பாங், மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் வாழையிலைச் சோறு கிடைக்கும்.

ஈப்போ வாசகர்: துணிகள் வைத்திருக்கும் கூடம் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது? மின்சாரச் சிக்கனமா?

இல்லை. சாயமேற்றிய பழந்துணிக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் பொது அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). சாதாரண அலுவலகத்தில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200 வரை விடுவார்கள். பட்டும் இயற்கைச் சாயமும்தான் மிக விரைவில் கெடும்.

வெளிச்சத்தால் வரும் சேதம் கூட்டுவட்டி மாதிரி அல்ல, சாதாரணக் கூட்டல்: அளவை நேரத்தால் பெருக்கினால் போதும். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரமாக 100 நாள் வைத்தால் 40,000 லக்ஸ்-மணி. நேர் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதாவது மூன்று மாதத்துக்கும் மேல் கண்காட்சியில் வாங்கும் வெளிச்சத்தை, மொட்டைமாடிக் கொடியில் ஒரு சேலை 24 நிமிடத்தில் வாங்கிவிடும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் கேடு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. வெளுத்த சாயம் திரும்பி வராது. அதனால்தான் அபூர்வத் துணிகளைச் சில மாதம் காட்டிவிட்டு, பிறகு பல ஆண்டுகள் பெட்டிக்குள் ஓய்வு கொடுக்கிறார்கள். போன ஆண்டு பார்த்த சேலை இந்த ஆண்டு இல்லையே என்று காவலரிடம் சண்டை பிடிக்க வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும். கைத்தொலைபேசித் திரையைப் பார்த்தால் பழகிய கண் மறுபடியும் கெடும். வயதானவர் கண்ணுக்குள் புகும் வெளிச்சம் இளையவருக்குப் புகுவதைவிட மிகக் குறைவு, அவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் கொடுங்கள். வாசிப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். விவரப்பலகை எழுத்து பொடி.

குளிருக்கும் காரணம் உண்டு. வெளியே நம் ஊர் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். 65க்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அதனால் உள்ளே காற்றை உலர்த்திக் குளிர்விக்கிறார்கள். நனைந்த குடையை வாசலிலேயே வைக்கச் சொல்வதும் இதனால்தான். ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

சிரம்பான் வாசகி: சொங்கெட் துணியைப் பார்த்தால் நம் காஞ்சிபுரம் மாதிரியே தெரிகிறது. இரண்டும் ஒன்றா? கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதில் என்ன பார்ப்பது?

நல்ல கேள்வி. சொங்கெட் மலாய்க்காரர்களின் ஜரிகைத் துணி. நெசவுமுறையில் இரண்டும் உறவினர்கள். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சேர்ந்து அடித்துணியாக நெய்யப்படும்போதே, ஜரிகை கூடுதல் ஊடையாகச் செருகப்படுகிறது. சொங்கெட்டில் எந்தெந்தப் பாவு நூல்களைத் தூக்குவது என்பதைக் குச்சிகளால் முன்கூட்டியே பிரித்து, நூலால் கட்டிக்கொள்வார்கள். நாள் முழுக்க அந்த வேலைதான். ஜரிகை துணியின் முகத்தில் மிதந்து நிற்பதால் வெளிச்சத்தை வாங்கிப் பளிச்சிடும். மிதக்கும் இழை நீளமானால் மோதிரத்தில் மாட்டி அறுந்துவிடும் என்பதால், நல்ல நெசவாளர் நீண்ட பகுதிகளை இடையிடையே ஒரு பாவு நூலால் அடக்கிவிடுவார். பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து, துணியைச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தங்க நிறம் மட்டும்தான் தெரியும், சாய்வில்தான் மேடுபள்ளம் தெரியும்.

காஞ்சிபுரத்தில் பார்க்க வேண்டியது கரை சேரும் இடம். உடலும் கரையும் வேறு நிறமானால், தனித்தனி நாடாவால் (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) நெய்து நூலுக்கு நூல் கோத்திருப்பார்கள். அதுதான் கோர்வை. முந்தானை இணையும் இடத்தில் சற்றுத் தடித்த கோடு தெரிந்தால் அது பிட்னி.

சிந்தாய் என்று எழுதியிருக்கும் துணியைத் தவறவிடாதீர்கள். குஜராத்தின் பட்டான் ஊரில் நெய்யும் பட்டோலாப் பட்டுக்கு மலாய் உலகம் வைத்த பெயர் அது. பாவு, ஊடை இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயமேற்றுவதால் முன்னும் பின்னும் ஒரே நிறம். உருவத்தின் ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். அது பிழையல்ல, முறையின் அடையாளம். ஊடையை மட்டும் கட்டிச் சாயமேற்றினால் லீமார். சரவாக்கின் இபான் இனப் பெண்கள் நெய்யும் புவா கும்பு துணியில் பாவை மட்டும் கட்டுவார்கள்.

இன்னொன்று, நம் தாத்தாக்களும் மலாய் நண்பர்களும் கட்டிய கட்டம் போட்ட கைலி. அதை மலாயில் காயின் பெலேகாட் என்பார்கள். பெலேகாட் வேறெதுவும் இல்லை, தமிழ்நாட்டின் பழவேற்காடு. அங்கிருந்து கப்பலேறிய துணி ஊர்ப்பெயரையே இங்கே விட்டுப் போயிருக்கிறது.

பாத்தேக் (மெழுகு இட்டுச் சாயமேற்றும் துணி) என்றால் பின்பக்கம் பாருங்கள். கையால் மெழுகு தீட்டியதில் நிறம் இருபுறமும் ஊறியிருக்கும், ஒரு பூப்போல மற்றொன்று இருக்காது. அச்சுக்கட்டையால் மெழுகு இட்டதில் கட்டை சேரும் இடம் ஒரு மயிரிழை விலகும். இயந்திரத்தில் அச்சடித்தது பின்பக்கம் வெளிறியிருக்கும். கடைத்தெருவிலும் இந்தச் சோதனை பலிக்கும்.

யுனெஸ்கோ பட்டியலில் சொங்கெட் 2021இல் சேர்ந்தது. பெண்கள் அணியும் மேற்சட்டையான கெபாயா 2024இல், புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்து நாடுகளின் பெயரிலும் சேர்ந்தது. பெரானாக்கான் சீனப் பெண்கள் உடுத்தும் ஞோஞ்ஞா கெபாயாவில் பொத்தான் கிடையாது. கெரோசாங் என்ற மூன்று ஊசிகள்தான் முன்பக்கத்தைப் பிடித்து நிற்கும். பெரியதற்குத் தாய் என்றும் மற்ற இரண்டுக்கும் பிள்ளைகள் என்றும் பெயர். பினாங்குக்குப் போனால் சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பெரானாக்கான் மாளிகையில் இவற்றைப் பார்க்கலாம்.

பெட்டாலிங் ஜெயா வாசகி: ஃபேஷன் வீக்கில் சாமானியர் போய்ப் பார்க்கலாமா?

கோலாலம்பூர் ஃபேஷன் வீக் 2013 முதல் நடக்கிறது. மேடை அணிவகுப்புக்கு அழைப்போ முன்பதிவோ வேண்டியிருக்கும், அறிவிப்பு வந்ததும் பதியுங்கள். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணிவகுப்பு 10 முதல் 20 நிமிடம், ஓர் உடை உங்கள் கண்முன் இருப்பது சில வினாடி. முன்வரிசை கடைக்காரர்களுக்கும் பத்திரிகைக்கும் போய்விடும்.

தையல் தெரிந்தவர்கள் அதே வடிவமைப்பாளரின் விற்பனைக் கூடத்துக்குப் போவதே மேல். அங்கே உடையைத் தொட்டுத் திருப்பிப் பார்க்கலாம்: பக்கத் தையலில் பூவேலை பொருந்துகிறதா, உள்ளே பிரித்துத் தைக்க எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், உள்ளே வைத்துத் தைத்த லைனிங் தொங்குகிறதா இழுக்கிறதா. விலைச்சீட்டைக் கடைசியாகப் பாருங்கள்.

சுங்கை பட்டாணி மாணவர்: நவீன ஓவியம் எதுவும் புரியவில்லை. போய் என்ன பயன்?

முதல் சுற்றை 15 நிமிடத்தில் நிற்காமல் முடியுங்கள். உங்களை இழுத்த மூன்றை மட்டும் நினைவில் வைத்து, திரும்பி வந்து ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பலகையை அதற்குப் பிறகு படியுங்கள். முதலிலேயே படித்தால் கண் பலகை சொன்னதை மட்டுமே தேடும். பலகையில் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, யாருடைய சேகரிப்பு என்பவை இருக்கும். மலாயில் *சாட் மின்யாக்* என்றால் எண்ணெய் வண்ணம். *மீடியா சம்புரான்* என்றால் பலவகைப் பொருள் கலந்தது.

தேசிய ஓவியக் கூடம் 1958இல் தொடங்கியது, இப்போது ஜாலான் துன் ரசாக் பக்கம், இஸ்தானா புடாயாவுக்கு அருகில். ஜாலான் பிஞ்சாயில் உள்ள இல்ஹாம் கூடம் 2015இல் திறந்தது, கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை. தொடக்கத்துக்கு இல்ஹாமையே சொல்வோம். சிறியது, ஒரு கருப்பொருளில் நிற்கும், சலிப்பு வராது. பார்க்கக் கிடைத்தால் இந்தப் பெயர்களைத் தேடுங்கள்: மெழுகும் சாயமும் கொண்டு ஓவியம் தீட்டிய பினாங்கின் சுவா தியான் தெங், சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீன், நிழற்படத்தையும் நாளிதழ்ச் செய்தியையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்த நிர்மலா சண்முகலிங்கம்.

ரவாங் வாசகர்: படம் எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம், பிளாஷ் இல்லாமல். வெளியிலிருந்து கடனாக வந்த பொருளுக்குத் தடை இருக்கும், அந்தக் குறியைப் பாருங்கள். முக்காலியும் செல்ஃபிக் குச்சியும் வேண்டாம். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். பின்னோக்கி நகரும்போது பை இடித்துச் சிற்பம் உடையக்கூடும்.

காஜாங் வாசகி: பாட்டியின் கூறைச்சேலையை அருங்காட்சியகம் போலப் பாதுகாக்க முடியுமா?

முக்கால்வாசி முடியும். பாச்சை உருண்டையை எடுத்துவிடுங்கள், அதன் வாடை பட்டில் ஏறினால் இறங்காது. நெகிழிப் பையும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். நாளிதழில் சுற்றினால் மையும் அமிலமும் துணிக்கு மாறும். பலமுறை துவைத்து மெலிந்த வெள்ளைப் பருத்தி வேட்டியே நல்ல உறை. ஜரிகை மடிப்பில்தான் முறியும் என்பதால், சுத்தமான துணி சுற்றிய அட்டைக்குழாயில் சுருட்டுவது சிறந்தது. மடித்தே தீர வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இரண்டு விரல் தள்ளி மாற்றுங்கள். கட்டும் நாளில் வாசனைத் திரவியத்தைச் சேலை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள். கட்டிக் கழற்றியதும் நிழலில் ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் உள்ளே வையுங்கள்.