அடியைத் திருப்பிப் பாருங்கள்
(சேகரிப்போர் கேள்வி-பதில்)

பேஷன் நிறுவனங்களின் பெயரில் 1960, 70, 80களில் வந்த ஐஸ் வாளி, ட்ரே, ஷேக்கர் (மதுவைக் குலுக்கிக் கலக்கும் குவளை), டிகான்டர் (மது பரிமாறும் கண்ணாடிக் குடுவை) போன்றவற்றைச் சேகரிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பாரிஸ் சென்-துவான் பழம்பொருள் சந்தையில் மூங்கில் கைப்பிடி வைத்த வெள்ளி நிற ஐஸ் வாளி ஒன்றைப் பார்த்தேன். கடைக்காரர் "கூச்சி, 1970கள்" என்கிறார். அடியில் பெயர் இல்லை. கேட்டால் "தேய்ந்து போயிருக்கும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், பாரிஸ்

பதில்: அந்த விளக்கத்தை நம்பாதீர்கள். வீடுகளில் தேய்த்துத் துடைப்பது வெளிப்பக்கத்தைத்தான். அடிப்பக்கம் மேசையில் உரசிக் கீறல் விழும், ஆனால் ஆழமாக அடித்த எழுத்து சுவடே இல்லாமல் போகாது. மறுமுலாம் போடும்போது சாணையில் கொடுத்தால் எழுத்து மறையக்கூடும். அப்படி நடந்திருந்தால் வாளியின் விளிம்பு, மூடியின் குமிழ், கைப்பிடி பொருந்தும் இடம் எல்லாமே கூர்மை இழந்து சோப்புக்கட்டி போல வழவழத்துப் போயிருக்கும். மற்ற இடங்கள் கூர்மையாக இருந்து பெயர் மட்டும் இல்லையென்றால், பெயர் முதலிலிருந்தே இல்லை.

மூங்கிலை வைத்தும் முடிவு செய்ய முடியாது. கூச்சி மூங்கில் கைப்பிடியைக் கைப்பையில் கொண்டுவந்தது 1947இல். அதன் பிறகு இத்தாலியப் பட்டறைகள் பலவும் வாளி, ஷேக்கர், பாட்டில் திறப்பான் என எல்லாவற்றிலும் மூங்கிலைப் பயன்படுத்தின. ஆனாலும் கைப்பிடியை ஊன்றிப் பாருங்கள், அது வேறொரு சேதி சொல்லும். அசல் மூங்கிலில் இரண்டு கைப்பிடிகளின் கணுக்கள் ஒருபோதும் ஒரே இடத்தில் வராது. நெருப்பில் வாட்டி வளைத்ததால் பழுப்பு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். மூங்கில் போல உலோகத்தில் வார்த்தவையும் உண்டு. அவற்றில் இரண்டு கைப்பிடிகளும் கணுவுக்குக் கணு அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். உட்பக்கம் விரலை ஓட்டினால் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த மெல்லிய வரி தட்டுப்படும். உலோகக் கைப்பிடி என்பதாலேயே போலி என்று ஆகாது. ஆனால் "அசல் மூங்கில்" என்று சொல்லி விற்றால் விற்பவருக்குத் தன் பொருளே தெரியவில்லை என்று பொருள்.

பெயர் இருக்கும் வாளிகளிலும் எழுத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். முலாமுக்கு முன்பே அச்சால் அடித்த எழுத்தில் வெள்ளி பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும், ஓரங்கள் லேசாக மேடு தட்டியிருக்கும். பின்னால் வெட்டிய எழுத்தில் பள்ளத்தின் அடியில் பித்தளையின் மஞ்சளோ செம்பின் சிவப்போ தெரியும். லேசரில் பொறித்தது புள்ளி புள்ளியாக, சாம்பல் நிறத்தில், பளபளப்பே இல்லாமல் இருக்கும். சட்டைப்பையில் சிறு காந்தம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை, செம்பு, வெள்ளி எதிலும் காந்தம் ஒட்டாது. வாளியின் உடம்பில் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது.

"வெள்ளியேதான், முலாம் இல்லை" என்றால் அதற்கும் அத்தாட்சி கேளுங்கள். இத்தாலிய வெள்ளியில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நட்சத்திரம், தயாரிப்பாளர் எண், மாகாண எழுத்துகள் (பிளாரன்ஸ் என்றால் FI, அரெஸ்ஸோ என்றால் AR என்ற இரண்டு எழுத்துகள்) சேர்ந்த முத்திரையும், 800 அல்லது 925 என்ற தர எண்ணும் (ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்பது) இருக்க வேண்டும். பிரெஞ்சு வெள்ளியில் 1838 முதல் மினர்வா தேவியின் தலை முத்திரை உண்டு. அதில் 1 என்று இருந்தால் 1973க்கு முன் 950 தரம், அதன் பிறகு 925; 2 என்றால் 800. தயாரிப்பாளரின் முத்திரை சாய்சதுரமாக இருந்தால் திட வெள்ளி, நேர்ச்சதுரமாக இருந்தால் முலாம். முத்திரையின் சட்டம் எந்த வடிவம் என்று பார்க்கத் தெரிந்தாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம்.

உங்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பிரான்ஸில் 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட அரசாணைப்படி, கலைப்பொருளோ சேகரிப்புப் பொருளோ விற்பவர், நீங்கள் கேட்டால் அதன் தன்மை, மூலப்பொருள், எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்று எழுதிய ரசீது தர வேண்டும். அதில் "பாணியில்" என்றோ "ரசனையில்" என்றோ எழுதியிருந்தால் யார் செய்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. "கூச்சி, இத்தாலி, சுமார் 1970" என்று எழுதித் தருவாரா என்று கேளுங்கள். தயங்கினால், பெயர் இல்லாத நல்ல இத்தாலிய வாளிக்கு என்ன கொடுப்பீர்களோ அதை மட்டும் கொடுங்கள். அந்த விலைக்கு வந்தால் தாராளமாக வாங்கலாம், அழகான பொருள்தான்.

வாங்குவதற்கு முன் வாளியைக் குலுக்கிப் பாருங்கள். இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் உள்கூட்டின் ஒட்டு விட்டுவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முக்கால் அளவு குளிர்ந்த தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். தாள் எங்காவது நனைந்தால் அதில் ஐஸ் போட வேண்டாம்.

கேள்வி: உறவினர் ஒருவர் கொடுத்த கிறிஸ்டியன் டியோர் ட்ரே, ஆமை ஓடு போன்ற நிறம், மூலைகளில் பித்தளை. கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைத்துவந்தேன். ஓரங்களில் வெள்ளி இழை போல விரிசல்கள் வந்துவிட்டன. சரிசெய்ய முடியுமா? இது உண்மையான ஆமை ஓடுதானா?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம். ஆமை ஓட்டில் ட்ரே அகலத்துக்கு, நான்கைந்து மில்லிமீட்டர் கனத்தில், ஒரே துண்டு கிடைக்காது. லென்ஸில் பார்த்தால் அசல் ஓட்டின் பழுப்பு நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும், பிளாஸ்டிக்கில் குழம்பு ஓடியது போலத் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். உங்களுடையது அக்ரிலிக். அதுவே நல்லது. அழுங்காமை (ஓட்டுக்காக வேட்டையாடப்பட்ட கடலாமை) ஓட்டை வாங்குவதும் விற்பதும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து பழம்பொருள் கொண்டுவரும் உறவினர்களிடமும் ஆமை ஓடு, தந்தக் கைப்பிடி இரண்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இனி விரிசல். அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி மடக்கிய இடத்திலும் அறுத்துத் துளையிட்ட இடத்திலும் இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கும். கண்ணாடித் திரவங்களில் உள்ள ஆல்கஹாலும் அம்மோனியாவும் அந்த இடங்களில் புகுந்து, தங்கிய இழுவிசையை நுண்விரிசலாக வெளியே கொண்டுவருகின்றன. அதனால்தான் நடுப்பகுதி நன்றாக இருக்க, ஓரமும் திருகு மூலையும் மட்டும் வெடித்திருக்கின்றன. வருத்தமான செய்திதான்: உள்ளே ஓடிய விரிசல் திரும்ப மூடாது. இனி வராமல் தடுக்கலாம். வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி, இவ்வளவு போதும். மது சிந்தினால் உடனே ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். விருந்து முடியும்வரை ஊறவிட்டால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

மேற்பரப்பில் உள்ள கீறல்களைப் போக்கலாம். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் பிளாஸ்டிக் பாலிஷ் மட்டும் போதும். தட்டினால் 1000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேயுங்கள். பிறகு 1500, அடுத்து 2000, கடைசியாக 3000. ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். கோடு மிச்சமிருக்கும்போது அடுத்த எண்ணுக்குப் போவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கடைசியில் பாலிஷ் போட்டதும் அந்தக் கோடுகள் மேலே வந்து நிற்கும். டிரில்லில் பஃப் (மெருகேற்றும் துணிச்சக்கரம்) மாட்டித் தேய்க்க வேண்டாம், சூட்டில் அக்ரிலிக் இளகிக் குழம்பிவிடும். விரிசல் உள்ள ஓரத்தையும், பெயர் அச்சிட்ட இடத்தையும் தொடவே வேண்டாம்.

கேள்வி: வெள்ளி முலாம் ட்ரேயை விபூதியால் துலக்கலாமா? அலுமினியத் தாளும் சோடா உப்பும் நல்லது என்கிறார்களே? என் ட்ரேயில் சில இடங்கள் சிவப்பாகத் தெரிகின்றன.
– வாசகி, டொராண்டோ

பதில்: குத்துவிளக்குக்குப் பழகிய கை விபூதியைத் தேடுவது இயல்பு. ஆனால் திட வெள்ளியில் தேய்ந்தால் அடியிலும் வெள்ளிதான். முலாமில் தேய்ந்தால் அடியில் செம்பு. நீங்கள் பார்க்கும் சிவப்பு அதுதான். விபூதியில் குறுணை எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பற்பசையும் இதே குற்றவாளிதான். புளி, எலுமிச்சை இரண்டும் பித்தளைக்கு உரியவை, முலாம் விட்டுப்போன இடத்தை அரித்துவிடும்.

அலுமினியத் தாள் முறை வேலை செய்கிறது: கருமையில் உள்ள கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போகிறது, அழுகிய முட்டை வாடை அதனால்தான் வருகிறது. ஆனால் அதற்குப் பொருள் முழுவதையும் கொதிநீரில் முக்க வேண்டும். பேஷன் நிறுவன ட்ரேக்களிலோ மூங்கில், தோல், எனாமல், ஒட்டிய மரம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வெந்நீரில் பசை விடும், தோல் சுருங்கும். செதுக்குகளில் அழகுக்காக விட்டிருக்கும் கருமையும் போய்விடும். எனவே வெள்ளிக்கென்று விற்கும் க்ரீமைப் பஞ்சில் பட்டாணி அளவு எடுத்து, வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் தேயுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் கழுவிய உடனே துடைத்தாலே போதும். ரப்பர் பேண்டு, கம்பளி, செய்தித்தாள் மூன்றும் அருகில் இருக்கக் கூடாது. அவற்றிலிருந்து வரும் கந்தகமும் அமிலமும் கருமையைக் கூட்டும். அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வையுங்கள்.

சிவப்புத் திட்டு ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். மறுமுலாம் போடுமுன் சாணை பிடிப்பார்கள், அடி முத்திரையும் செதுக்கும் அதில் மழுங்கும். பெயருக்காக வாங்கிய பொருளின் பெயரே போய்விடும். ஷேக்கராக இருந்தால் மட்டும் விதி வேறு: உட்பக்கம் செம்போ பித்தளையோ தெரிந்தால் அதில் எலுமிச்சைச்சாறு கலந்த எதையும் குலுக்கிக் குடிக்கக் கூடாது. அலமாரியில் வையுங்கள், அல்லது உட்பக்கம் மட்டும் முலாம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எர்மெஸ் பொருளில் ஆண்டைக் காட்டும் எழுத்து இருக்கும் என்கிறார்கள். என் வெள்ளி முலாம் பாட்டில் திறப்பானில் காணவில்லை. போலியா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த எழுத்து தோல் பொருட்களுக்கு உரியது. 1971 முதல் 1996 வரை வட்டத்துக்குள், 1997 முதல் 2014 வரை சதுரத்துக்குள். உலோகத்தில் அதைத் தேட வேண்டாம். மேலே சொன்ன பிரெஞ்சு முத்திரைகளையும் நிறுவனப் பெயரையும் பாருங்கள்.

கேள்வி: வெர்சாச்சே தட்டின் அடியில் ரோசந்தால் என்றும் இருக்கிறது. எது உண்மை?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும். வெர்சாச்சேயின் மேசைப் பொருட்களை 1992 முதல் ஜெர்மனியின் ரோசந்தால் நிறுவனம் செய்துவருகிறது. இரண்டு பெயரும் சேர்ந்திருப்பதுதான் முறை.

கேள்வி: பழைய கிரிஸ்டல் டிகான்டரின் மூடி இறுகிவிட்டது. உள்ளே வெண்படலமும் இருக்கிறது. அதில் விஸ்கி ஊற்றி வைக்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: மூடியைத் திருகாதீர்கள், கழுத்து உடையும். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் வெந்நீரில் பிழிந்த துணியைக் கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு நிமிடம் பிடியுங்கள். கழுத்து விரிய, மூடி அப்படியே இருக்கும். மரக்கரண்டியால் மூடியின் பக்கவாட்டில், இருபுறமும் மாறி மாறி மெல்லத் தட்டுங்கள்.

படலத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் ஒரு கைப்பிடி அரிசி போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். சுண்ணாம்புப் படிவு என்றால் போய்விடும். ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை, உட்பக்கம் மெருகு பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

விஸ்கியை ஊற்றி வைக்க வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி ஈயக் கிரிஸ்டலில் குறைந்தது 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருக்கும். நாள்கணக்கில் நிற்கும் மதுவில் அது இறங்கும். விருந்துக்குச் சற்று முன் ஊற்றுங்கள், மிஞ்சியதை அன்றிரவே பாட்டிலுக்கு மாற்றுங்கள், டிகான்டரைக் கழுவிக் கவிழ்த்து, மூடியைத் தனியாக வையுங்கள்.