பதிப்பாளர் வாங்கிய கையெழுத்து: கதை யாருடையது?

ஒகேனக்கல் பரிசல்காரர்களைப் பற்றிய உங்கள் கதைகளைப் பதிவு செய்யவில்லை, அதனால் உரிமை தனக்கே என்று பதிப்பாளர் சொல்வது தவறு, நண்பரே. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவு கட்டாயமே இல்லை. எழுதியதுமே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுளுக்கும், அப்புறம் 60 ஆண்டுக்கும்.

சரி, கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். அச்சுக்கூலி கட்டிய ரசீது மட்டும்தான் என்றால் உரிமை கைமாறவே இல்லை. ‘உரிமையை எழுதிக் கொடுக்கிறேன்’ என்று இருந்தாலும் பயப்படாதீர்கள்: எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் 19ஆம் பிரிவுப்படி 5 ஆண்டுதான் செல்லும். உங்கள் பெயரை எடுத்துவிட்டு வெளியிட அப்போதும் அவருக்கு உரிமையில்லை.

தருமபுரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். அதுவரை வேறெதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.