மேளம் பேசும்போது கேட்க வேண்டியவை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மண்டபம் பிடித்தாயிற்று, மகளுக்குக் கல்யாணம். மேளக்காரர் "என்னென்ன வாசிக்க வேண்டும், எழுதிக் கொடுங்கள்" என்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் ராகம் தெரியாது. எதை எழுதுவது?

பதில்: சடங்கின் வரிசையை எழுதிக் கொடுங்கள், அம்மா. பாட்டை அவர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கு வீடு, ஐயருக்கு ஐயர் இந்த வரிசை மாறும். அதனால் முதலில் உங்கள் ஐயரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். விருந்தினர் வருகை, மாப்பிள்ளை அழைப்பு, பெண் மேடைக்கு வருவது, மாலை மாற்றல், கன்னிகாதானம், தாலி, அக்னி வலம், ஆரத்தி என்று ஒரே தாளில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று ஐயரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். ஒரு பிரதி ஐயருக்கு, ஒன்று மேளக்காரருக்கு, ஒன்று மண்டபத்தில் ஒலிபெருக்கி பார்ப்பவருக்கு.

ராகம் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பேசும்போது உதவும். தொடக்கத்தில் நாட்டை, அடுத்து ஹம்சத்வனி என்பது வழக்கம். பலரும் கேட்கும் 'வாதாபி கணபதிம்' ஹம்சத்வனியில் முத்துசுவாமி தீட்சிதர் செய்தது. மாலை மாற்றலுக்கும் ஊஞ்சலுக்கும் குறிஞ்சியோ ஆனந்த பைரவியோ நன்றாகப் பொருந்தும். தியாகராஜரின் 'சீதா கல்யாண வைபோகமே' குறிஞ்சியில்தான் பெரும்பாலும் கேட்கிறோம். முடிவில் மங்களத்துக்குச் சுருட்டி அல்லது மத்யமாவதி. முகாரி சோகத்தின் ராகம் என்று பெயரெடுத்தது, அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மல்லாரி கேட்கும் வீடுகள் உண்டு. மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. கோயிலுக்கு உரியதைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, ஊர்வலத்துக்குக் கல்யாணி கேட்கலாம் என்பது என் எண்ணம். நடைக்கு ஏற்ற மிடுக்கு அதில் உண்டு.

அதிகம் தவறு நடக்கும் இடம் கன்னிகாதானம். தந்தை சங்கல்பம் சொல்லும்போது மேளம் முழு வேகத்தில் போனால், அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு முறை சொல்லும் சொல் யார் காதிலும் விழாது. உங்கள் தாளில் அந்த வரிக்கு எதிரே "நாதஸ்வரம் மட்டும், தணிவாக" என்றோ "நிறுத்தம்" என்றோ எழுதுங்கள்.

அடுத்தது கெட்டிமேளம். தாலி கட்டும் நேரத்தில் அபசகுனமான சொல்லோ தும்மலோ காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் தவில் அப்படிப் பொங்குகிறது. அது அரை நிமிடம் முந்தினாலும் பிசகு, பிந்தினாலும் பிசகு. இங்குள்ள மண்டபங்களில் மேளத்தைப் பெரும்பாலும் வாசல் பக்கம் உட்கார வைக்கிறார்கள். ஐயரோ ஜோடியைப் பார்த்தபடி இருப்பார். தாலி கட்டும்போது உறவினரும் படம் எடுப்பவர்களும் எழுந்து சுற்றி நின்றுவிடுவார்கள், ஐயரின் கை மேளக்காரருக்குத் தெரியாது. ஆகவே மேளத்தை மணவறைக்குப் பக்கவாட்டில், ஐயரின் வலது கை தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். இடையில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியை நியமியுங்கள். அவருக்கு அன்று வேறு வேலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் என்றால் பாதி விலை என்கிறார்கள். போதுமா?

பதில்: எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்தது. முழு மேளம் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதி. இரண்டு பேர் இருந்தால் மாற்றி மாற்றி வாசிப்பார்கள், ஒருவர் மூச்சு வாங்கிக்கொள்வார். தனியாக மூன்று மணி நேரம் ஊதினால் உதடு களைத்துப்போகும், வாயில் வைத்து ஊதும் சீவாளியும் ஊறித் தளர்ந்துவிடும், சுருதி இறங்கும். நாதஸ்வரத்தில் ஸ்வரம் நிற்பது விரலில் பாதி, மூச்சிலும் உதட்டிலும் பாதி. களைத்தவர் வாசிப்பு சுருதி விலகுவதை ராகம் தெரியாதவர்கூட உணர்வார். அந்தக் களைப்பு வருவதும் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில்தான்.

பணம் குறைவு என்றால் நேரத்தைக் குறையுங்கள். பெண் மேடைக்கு வருவதிலிருந்து ஆரத்தி வரை ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் பேசுங்கள். வரவேற்புக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் பதிவு இசை போதும்.

பேசுமுன் நேரில் கேளுங்கள். கைப்பேசியில் அனுப்பும் காணொளியை நம்ப வேண்டாம், அதில் வாசிப்பவர் உங்கள் மண்டபத்துக்கு வருவாரா என்பதே தெரியாது. கோயில் திருவிழாவில் கேட்பது நல்ல வழி. அல்லது பயிற்சிக்கு வருகிறோம் என்று சொல்லிப் போய், மெதுவான காலத்தில் ஐந்து நிமிடம் கேளுங்கள். வேகத்தில் குறை மறையும். நீண்டு நிற்கும் ஸ்வரம் சுருதியோடு ஒட்டி நின்றால் சரி, அலைந்தால் வேறு ஆளைப் பாருங்கள். தவில்காரரின் வலது கை விரல்களில் மாட்டும் கூடு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கூடு இல்லாமல் அடித்தால் அந்தக் கணீர் ஓசை வராது.

டர்பனில் பிப்ரவரி ஈரக்காற்றில் தவிலின் தோல் தளரும். ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் ஜூன், ஜூலையில் காற்று வறண்டு சீவாளி காய்ந்துபோகும். அதற்காகவே முக்கால் மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். இப்போது வரும் தவில்களில் இரும்பு நட்டு இருப்பதால் முறுக்கிச் சரிசெய்வார்கள், ஆனால் அதற்கும் நேரம் வேண்டும்.

கேள்வி: முன்பணம் கொடுத்துவிட்டோம். தாத்தா தவறிவிட்டார், கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். "முன்பணம் திரும்பாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறது. அவ்வளவுதானா?

பதில்: உங்கள் வீட்டு இழப்புக்கு வருந்துகிறேன். தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண்) 17-ஆம் பிரிவின்படி, முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. மேளக்காரர் நியாயமான ரத்துக் கட்டணம் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு நியாயம் என்பதற்கு, எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், அந்தத் தேதிக்கு அவருக்கு வேறு வேலை கிடைக்க வாய்ப்பு உண்டா, இந்தத் தொழிலின் வழக்கம் என்ன என்பதைப் பார்ப்பார்கள். ஆறு மாதம் முன்னால் சொல்லியும் முழு முன்பணத்தையும் வைத்துக்கொள்வேன் என்றால், ரசீதில் அச்சடித்திருப்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ காரணமானால் ரத்துக் கட்டணமே கூடாது. ஆனால் அது யாருக்காக, யாருடைய நன்மைக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அவருக்கு நேர்ந்தால்தான். மேளம் பதிவானது மணமக்களுக்காக, தாத்தாவுக்காக அல்ல. ஆகவே சட்டத்தின் சொற்கள் உங்களுக்கு நேராக உதவாது. நம் வீடுகளிலோ பங்காளி வீட்டுச் சாவுக்கும் தீட்டு உண்டு, கல்யாணம் நிற்கும். இனிப் பேசுகிறவர்கள் ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "குடும்பத்தில் சாவு நேர்ந்தால் ஓராண்டுக்குள் வேறு தேதிக்குக் கட்டணமின்றி மாற்றித் தரப்படும்." தமிழ் மேளக்காரருக்கு இதன் நியாயத்தை விளக்கத் தேவையில்லை, பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். உங்கள் விஷயத்திலும் பணத்தைத் திரும்பக் கேட்பதைவிடத் தேதி மாற்றம் கேட்பது எளிது.

கேள்வி: அதே நாளில் இன்னொரு கல்யாணத்துக்கும் ஒப்புக்கொண்டுவிட்டதாக இப்போது சொல்கிறார். பத்து நாள்தான் இருக்கிறது.

பதில்: ஆடி, புரட்டாசி, மார்கழி போக மீதி மாதங்களின் வார இறுதிகளில்தான் இங்கே கல்யாணங்கள் குவிகின்றன. அதனால் இது அடிக்கடி நடக்கிறது. மேலே சொன்ன சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பதிவை ஏற்றுக்கொண்டவர் வர முடியாவிட்டால், வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும், அதனால் உங்களுக்கு நேராக ஆன செலவையும் ஈடுகட்ட வேண்டும். ஆனால் அதே தரத்தில் வேறு குழுவை அவர் ஏற்பாடு செய்து, நீங்கள் காரணமில்லாமல் மறுத்தால் இந்த உரிமை போய்விடும். எனவே முதலில் மாற்றுக் குழுவைக் கேளுங்கள், அவர்கள் வாசிப்பை நேரில் கேட்டுப் பாருங்கள். தேறவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லி மறுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

பணம் வராவிட்டால் 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். அங்கே வழக்கறிஞர் கூடாது, நீங்களே பேச வேண்டும். 2019 ஏப்ரலில் அதன் வரம்பு 20,000 ரேண்டாக உயர்ந்தது, மேளக் கணக்குகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். பணத்தை வங்கி வழியாகக் கட்டியிருந்தால் அந்தச் சீட்டே சாட்சி. கையில் கொடுத்தால் தேதி, நேரம், வாசிப்போர் எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

கேள்வி: என் அக்கா மகள் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். நாதஸ்வரத்தோடு சேர்ந்து பாட ஆசைப்படுகிறாள். முடியுமா?

பதில்: சேர்ந்து பாடுவது கஷ்டம். பாரி எனப்படும் நீளமான நாதஸ்வரத்தின் சுருதி 2 அல்லது 2½ கட்டையில் இருக்கும், பெண் குரல் வழக்கமாக 5 கட்டைக்குப் பக்கம். போதாததற்கு நாதஸ்வரம் வெட்டவெளிக்கான வாத்தியம், ஒலிவாங்கி இல்லாமலே அவளை மூழ்கடித்துவிடும். தகரக் கூரை மண்டபம் என்றால் எதிரொலியும் சேரும், அங்கே மேளத்துக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். மேளம் முழுதாக ஓய்ந்த பிறகு, ஊஞ்சலிலோ நலங்கிலோ தம்புராவோடு அவள் தனியாகப் பாடட்டும். ஆண்டாளின் 'வாரணமாயிரம்' கல்யாணக் கனவைச் சொல்லும் பாசுரங்கள், அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

கேள்வி: பதிவு இசை மட்டும் போட்டால்? டர்பனில் மின்வெட்டு வந்தால்?

பதில்: போடலாம், ஆனால் கெட்டிமேளத்தைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்து, ஐயரின் கையைப் பார்த்து அழுத்த ஒருவரை உட்கார வையுங்கள். விளம்பரம் குறுக்கிடாதபடி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு உறவினருக்காக யூடியூபில் நேரலை போடுகிறீர்கள் என்றால் கவனம்: கீர்த்தனை பழையதானாலும் ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு, நேரலை நடுவில் நின்றுவிடலாம். நேரில் வாசிக்கும் மேளத்தில் அந்த ஆபத்து குறைவு. மின்சாரம் போனாலும் மேளம் நிற்காது, சுருதிப் பெட்டி ஒன்றுதான் நிற்கும். அதற்கு மின்கலம் போட்டுத் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து குழுவை வரவழைக்கலாமா?

பதில்: சுற்றுலா விசாவில் வந்து காசு வாங்கி வாசிப்பது சட்டப்படி ஆகாது. வேலை செய்ய அனுமதியுள்ள விசா வேண்டும், அதற்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். பயணம், தங்குமிடம், சைவச் சாப்பாடு எல்லாம் உங்கள் கணக்கில்தான் வரும். ஒரே கல்யாணத்துக்கு இது கட்டுபடியாகாது. அதே வாரத்தில் கோயில் திருவிழா நடத்தும் நிர்வாகத்தோடு செலவைப் பகிர்ந்துகொண்டால் மட்டும் யோசியுங்கள். வருகிறவர்கள் கொண்டுவரும் சுருதிப் பெட்டியின் பிளக் நம் ஊரின் பெரிய மூன்று முனைப் பிளக்குக்குச் சேராது. மாற்றுப் பிளக் ஒன்றை மண்டபத்தில் வாங்கி வையுங்கள்.