விசில் எங்கே இருக்கிறது?

அன்புள்ள சார்,

கால்பந்து நடுவர் தேர்வில் தேறி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு பள்ளி ஆட்டத்தில் நடுக்களத்தில் ஒரு பையனை இடறிவிட்டார்கள். உடனே ஊதினேன். அதற்குள் பந்து அவன் அணிக்காரனிடம் போய், அவன் கோலே போட்டுவிட்டான். கோல் இல்லை என்றேன். பையன் அழுதுவிட்டான். விதியெல்லாம் மனப்பாடம்; எப்போது ஊதுவது என்பதுதான் பிடிபடவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விசிலை எங்கே வைத்துக்கொண்டு ஓடுகிறீர்கள்? வாயில் என்றால் பாதிச் சிக்கல் அங்கேதான். நானும் முதல் வருஷம் அப்படித்தான் ஓடினேன். யாராவது விழுந்தால் பதறி மூச்சை விடுவேன், அது விசிலாகிவிடும். ஒரு மூத்த நடுவர் இடைவேளையில் அதைப் பிடுங்கி என் விரலில் மாட்டிவிட்டார். தொடைப் பக்கம் தொங்கும் கை வாய்க்கு வர ஒரு நொடி ஆகும். அதற்குள் பந்து யாரிடம் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஃபவுல் ஆனாலும், ஆட்டம் தொடர்ந்தால் அடிபட்ட அணிக்குத்தான் லாபம் என்றால் ஊதாமல் விடுவதுதான் அட்வான்டேஜ் விதி; உங்களுக்குத் தெரியும். கையை முன்னே நீட்டி ஆடவிடுங்கள். பலன் வரவில்லை என்றால் சில நொடிக்குள் ஊதி அந்த ஃபவுலுக்கே ஃப்ரீ கிக் கொடுக்கலாம். ஊதிவிட்டால் ஆட்டம் நின்றது நின்றதுதான். அதனால் கோலை மறுத்தது சரி. ஆனால் காலை உடைக்கிற மாதிரி வந்தால் காத்திருக்காதீர்கள். கோல் நிச்சயம் என்கிற நிலை தவிர, உடனே ஊத வேண்டியதுதான். அப்புறம், சாதாரண த்ரோ-இன்னுக்கெல்லாம் ஊத வேண்டாம், கை காட்டினால் போதும். ஓயாமல் ஊதுகிறவரின் விசிலுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விதிப்படி சரியாக ஊதியும் மாட்டிக்கொண்டவர் உண்டு. 1978 உலகக் கோப்பையில் பிரேசிலும் ஸ்வீடனும் 1-1. கடைசியில் பிரேசிலுக்கு ஒரு கார்னர். பந்து காற்றில் வரும்போதே ஆட்டம் முடிந்தது என்று ஊதினார் வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் தாமஸ். பிரேசிலின் ஸீக்கோ தலையால் முட்டிப் பந்தை உள்ளே தள்ளினார். கோல் இல்லை. நேரம் முடிந்தால் ஊதலாம்தான். ஆனால் அவர் பேரைச் சொன்னாலே இன்றும் அந்தக் கார்னர்தான் ஞாபகம் வருகிறது. கார்னரை எடுக்கவிடாமலே முடித்திருக்கலாம், இல்லையென்றால் இரண்டு நொடி பொறுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

அந்தப் பையனைப் பார்த்தால், “அவசரப்பட்டு ஊதிட்டேன் தம்பி” என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொல்லாமல் விட்ட ஒருவர் இப்போது எங்கள் தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். மாத்திரை வாங்கப் போனால் முதலில் அந்தக் கோலைப் பற்றித்தான் பேச்சு.