ஆட்டம் முடிந்தது, அப்புறம்? – வாசகர் கேள்வி பதில்

(ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளி வேஷம் கட்டியவர், இப்போது ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மகளிர் குழுத் தலைவிகளுக்குப் பயிற்சி தருகிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் தரும் பதில்கள் இவை.)

மகளிர் குழுத் தலைவிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒயிலாட்டம், கும்மி தெரியும் என்பதால் காலையில் ஆட்டம் பாட்டோடு தொடங்குவேன். சிரித்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆனால் 'தலைவியின் பொறுப்புகள்' என்று பாடத்துக்குள் போனதும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் கலை எங்கே உதவாமல் போகிறது?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

உதவாமல் போகவில்லை, தங்கச்சி. ஆட்டத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, பாடம் என்றதும் சார்ட் பேப்பரைக் கையில் எடுக்கிறீர்கள். அந்த நிமிஷமே அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். பாடத்துக்குள்ளும் கலை வர வேண்டும்.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நம் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றைக்கும் நடக்கிறது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் வேறு ஊர், நாரதர் இன்னோர் ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. ராத்திரி மேடை ஏறினால் விடிய விடிய நாடகம். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தர்க்கம் என்று வந்துவிட்டால் எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் மடக்குவார் என்று யாருக்குத் தெரியும்? அவர் பேசுவதைக் கடைசி வார்த்தை வரை காதில் வாங்கினால்தான் நமக்குப் பதில் வரும். நடிகர் தடுமாறினால் ஆர்மோனியக்காரர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். மொத்தப் பாட்டையும் தானே பாடிக் கைதட்டல் வாங்க மாட்டார். காது கொடுப்பது, அடி எடுத்துக் கொடுப்பது, இந்த இரண்டையும் மேடையிலிருந்து பயிற்சிக்குக் கொண்டு வாருங்கள். ஆட்டமும் பாட்டும் அதற்கு அடுத்ததுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கடல்பாசி எடுக்கும் பெண்களோடு ஒரு பயிற்சி. முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே பாசியைப் போட வேண்டும், எடையில் அடிக்கிறார் என்பது அவர்களின் குறை. இரண்டு பேரை எழுப்பி, ஒருவரை வியாபாரியாகவும் ஒருவரைப் பாசி விற்பவராகவும் நடிக்கச் சொன்னேன். 'ஈரமா இருக்கு, கழிச்சுத்தான் எழுதுவேன்' என்றார் வியாபாரியாக நின்றவர். விற்கிறவர் முனகிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். காட்சி அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து அதே காட்சி. இந்தத் தடவை பார்ப்பவர்கள் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லி, விற்பவரின் இடத்துக்கு வரலாம்.

முதலில் வந்தவர் சத்தம் போட்டார். 'அப்போ முன்பணத்தைக் கீழே வை' என்ற ஒரே பேச்சில் அடங்கிவிட்டார். அடுத்தவர் கெஞ்சிப் பார்த்தார், அதுவும் எடுபடவில்லை. காலையிலிருந்து சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். பாறையில் கிழிந்து கிழிந்து தழும்பேறிய விரல்கள். ஒன்றும் பேசவில்லை. தராசிலிருந்து மூட்டையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். 'நாலு பேரும் வரட்டும், சேர்த்துப் போடுறோம்' என்றார். இன்னும் மூன்று பேர் யாரும் கூப்பிடாமலேயே எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இங்கேதான் பயிற்சியாளர் வாயைக் கட்ட வேண்டும். 'பார்த்தீர்களா, இதுதான் ஒற்றுமை' என்று ஆரம்பித்தால் எல்லாம் போச்சு. நான் வியாபாரியாக நின்றவரிடம் 'இப்ப உனக்கு என்ன தோணுது?' என்று மட்டும் கேட்டேன். 'ஒருத்தியா வந்தா நான் சொல்றதுதான் எடை. நாலு பேர் உட்கார்ந்துட்டா எனக்கும் லாரி காத்துக் கிடக்குல்ல' என்றார். அதற்கப்புறம் சேர்ந்து எடை போடுவது எப்படி, நோட்டில் யார் எழுதுவது, முன்பணத்தை எப்படிக் குறைப்பது என்று அவர்களே பேசினார்கள். தலைவியின் பொறுப்புகள் அத்தனையும் அந்தப் பேச்சிலேயே வந்துவிட்டன.

இந்த முறையை 1970களில் உருவாக்கியவர் பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால். பார்வையாளரே மேடையேறிக் கதையை மாற்றிப் பார்க்கும் மன்ற நாடகம் அது. 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படிப்பட்ட நாடகங்களில் மக்கள் சொன்னதை வைத்தே சட்டங்கள் கொண்டுவந்தார். மேற்கு வங்கத்தில் ஜன சன்ஸ்கிருதி குழுவினர் 1985லிருந்து கிராமங்களில் நாடகம் போடுகிறார்கள். அவர்களும் இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள்.

வார்டு உறுப்பினராக இருக்கிறேன். கிராம சபையில் எழுந்தால் குரல் நடுங்குகிறது. நாடகக்காரர்களுக்கு என்று ஏதாவது வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

இருக்கிறது. மைக் வராத காலத்து நடிகர்கள் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரிப் பாடினார்கள். அதற்கு வயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும். பயந்தால் மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், நடுக்கம் அதனால்தான். எழுந்தவுடன் பேசாதீர்கள். இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூச்சை முழுசாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பது தானாக நடக்கும். பிறகு கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, அவருக்கு மட்டும் சொல்வது போல முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். 'வேண்டும்' என்பது காதில் விழாவிட்டால் கோரிக்கையே இல்லை.

கடற்கரையில் காற்று எதிரே அடிக்கும்போது நின்று பேசிப் பழகுங்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதி முன்கூட்டியே தெரியும். அதற்கு முன்னால் ஒரு வாரம் போதும்.

எங்கள் பயிற்சியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து இருப்பார்கள். சிலர் நடிக்கவே மாட்டேன் என்கிறார்கள். வற்புறுத்தலாமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

கூடவே கூடாது. பலர் பார்க்க ஆடுவதும் நடிப்பதும் சில வீடுகளில் பெரிய விஷயம். பயிற்சி முடிந்து அந்தப் பெண் அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். நடிக்காதவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. கதை சொல்லலாம். 'இந்த இடத்தில் பொய் சொல்கிறார்' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறுத்தலாம். பெண்கள் தனியாக ஒரு குழுவாக இருந்து செய்து, முடிவை மட்டும் பொதுவில் சொல்லலாம். வேண்டாம் என்று சொல்ல முடிந்த இடத்தில்தான் மனசு திறக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். நாடகம் முடிந்ததும் நாங்கள் அரிதாரத்தைத் துடைப்போம். பயிற்சியிலும் வேஷம் கலைக்க வேண்டும். கெட்ட வியாபாரியாக நடித்த பெண்ணை அப்படியே விட்டால் சாயங்காலம் வரை 'ஏய் வியாபாரி' என்று கேலி செய்வார்கள். குடிகாரக் கணவராக நடித்தவருக்கு அது இன்னும் வலிக்கும், வீட்டில் அதுவே நடந்துகொண்டிருக்கலாம். அதனால் நடித்த ஒவ்வொருவரும் தோளில் போட்ட துண்டை எடுத்து வைத்துவிட்டு, தன் பெயரையும் ஊரையும் சொல்லித் தன் இடத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. எவ்வளவு அவசரமானாலும் நான் இதை விடுவதில்லை.

மிமிக்ரி செய்கிறேன். கம்பெனிகளில் தலைமைப் பயிற்சி நடத்த ஆசை. ஒரு நாள் முழுக்கக் கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருக்க என்னால் முடியும். போதுமா?
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

போதாது, தம்பி. ஆனால் உங்களுக்குப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. ஒரு மனிதர் எந்தச் சொல்லில் இழுக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனித்துப் பழகிய காது அது. அதைச் சிரிக்க வைக்க மட்டும் செலவழிக்காதீர்கள். பயிற்சிக்கு முந்தின வாரமே அந்த இடத்துக்குப் போங்கள். மேலாளரோடு டீ குடித்துவிட்டு வந்துவிடாமல், கீழே வேலை செய்கிறவர்களோடும் உட்காருங்கள். கடைசியாக என்ன சண்டை நடந்தது, அதில் யார் பேசாமல் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெயர்களை மாற்றி, ஆளை அடையாளம் தெரியாதபடி அதை ஒரு சின்னக் காட்சியாக ஆக்குங்கள். பயிற்சி அன்று அந்தக் காட்சியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஓரமாக உட்காருங்கள்.